கட்டை போட ஓர் ஆள்

"அம்மணி, பின்சக்கரத்து டிரம் பிரேக்கைக் கழட்டி வீசிட்டு டிஸ்க் பிரேக் போட்டுக் குடு."

பட்டறைக்குள் நுழைந்ததும் நஞ்சப்பன் சொன்ன முதல் பேச்சு இதுதான். நல்லாருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

பல்கீஸ் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தாள். மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பட்டறை அவளுடையது. மலைப்பாதை டிரைவர்கள் அவளை வாத்தியாரம்மா என்பார்கள். வண்டியைத் தொடும் முன் ஓட்டுகிறவனைக் கேள்வி கேட்பாள் என்பதால் அது பாதி கேலி. தொட்ட வண்டி பிறகு மக்கர் பண்ணாது என்பதால் பாதி மரியாதை.

நஞ்சப்பன் அவளைவிட இருபது வயது மூத்தவர். மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புக்காரர். மனசுக்குள் ஒன்று முள்ளாகக் குத்தினால் அவரும் இங்கேதான் வந்து நிற்பார்.

"டிரம் என்னங்ண்ணா பண்ணுச்சு?" என்று லாரிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"துரோகம் பண்ணிப்போடுச்சு."

போன மாதம் மனைவி ராமாத்தாளோடு மலையிறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. நஞ்சப்பன் ஜீப்பை மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினார். ராமாத்தாளின் வளையல்கள் உடைந்ததோடு போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று ஊரே சொன்னது.

ஆனால் அன்றிலிருந்து அவள் அவர் ஜீப்பில் ஏறவில்லை. சந்தைக்கு பஸ்ஸில் போனாள். அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே நஞ்சப்பனின் ஜீப் போகும். முன்சீட்டில் அவர் வேறு யாரையும் உட்கார விடவில்லை. அந்தக் காலி இடத்தைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவும் இல்லை.

பல்கீஸ் வெளியே வந்தாள்.

"பிரேக்குக்குப் பயந்துட்டுத்தான் ஏறலைன்னு அக்கா சொன்னாங்களா?"

"அதை வாயைத் தொறந்து வேற சொல்லோணுமா?"

"வண்டிய எடுங்க. மேல போயிட்டு வரலாம்."

போனார்கள். திரும்பி இறங்கும்போது நஞ்சப்பனின் கால் பிரேக்கைவிட்டு எழவே இல்லை. நேர்ப்பாதையிலும் மிதித்தபடியே வந்தார். பல்கீஸ் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அடிவாரத்தில் இறங்கி டீ குடித்தார்கள். அவள் ஆற அமரக் குடித்தாள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து முன்சக்கரத்து டிஸ்க்கில் நாலு சொட்டுத் தெளித்தாள். தண்ணீர் சும்மா வழிந்தது.

பின்சக்கரத்து டிரம்மில் தெளித்தாள். சுர்ரென்று ஆவி பறந்தது.

"ரெண்டும் ஒரே மலையத்தானுங்ண்ணா இறங்குச்சு."

"அதைத்தானே நானும் சொல்றேன். டிரம் சரியில்லை."

"டிஸ்க் காத்தாட வெளிய கெடக்குது. சூடு வந்தா வந்த வழியே போயிரும். டிரம் எல்லாத்தையும் உள்ள வெச்சு மூடிக்கும், சூடு ஏற ஏறப் பிரேக் புடிக்காது. வெளிய பார்த்தா ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"ஒண்ணுந் தெரியலை."

"அன்னைக்கு மண்மேட்டுல நின்னதும் அக்கா என்ன கேட்டாங்க?"

நஞ்சப்பனுக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. டம்ளரை வாங்கி மிச்சத் தண்ணீரைக் கீழே ஊற்றினார்.

"பயந்துட்டீங்களான்னு கேட்டா."

"நீங்க?"

"எனக்கென்னடி பயம், வாய மூடுன்னேன்."

பல்கீஸ் தலையாட்டினாள். "செரிங்ண்ணா. டிஸ்க் போட்டுறலாம்."

ஏதோ திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்த நஞ்சப்பனுக்குச் சப்பென்று போய்விட்டது.

வேலை முடிந்து வண்டியை எடுக்க வந்தபோது அவள் அவர் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தாள். லாரிக்காரர்கள் மேட்டில் நிறுத்தும்போது சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார்களே, அந்தக் கட்டை.

"இது எதுக்கு?"

"உங்க ஹேண்ட் பிரேக் டிரம்முக்குள்ளதானுங்ண்ணா இருந்துச்சு. டிரம் போனதும் அதுவும் போச்சு. டிஸ்க்குக்குத் தனியா கேபிள் மாட்டோணும், அடுத்த வாரம் பார்க்கலாம். ஓடற வண்டிய டிஸ்க் நல்லா நிறுத்தும். நின்ன வண்டியப் புடிச்சு வெக்காது."

"கியர்ல போட்டு வெச்சா?"

"உங்க வீட்டு மேட்டுக்கு அது தாங்குமா?"

தாங்காது. அவருக்கே தெரியும்.

"நீங்க பிரேக்கை மிதிச்சுட்டே உக்காந்திருக்கோணும். கூட ஓர் ஆள் இறங்கிக் கட்டை போடோணும்."

"எவனாச்சும் ஒருத்தனைக் கூட்டிக்கறேன்."

"எவனோ ஒருத்தன் போனைப் பார்த்துட்டே போடுவான். உங்க உசுரு மேல அக்கறை இருக்கற ஆளாப் பாருங்ண்ணா."

மலைமேல் வீட்டு வாசலில் நஞ்சப்பன் ஜீப்பை நிறுத்தினார். செங்குத்தான மேடு. கால் பிரேக்கில். கட்டை முன்சீட்டில். ஹாரன் அடித்தார்.

ராமாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"இறங்கி வாங்க, சோறு ஆறுது."

"இறங்க முடியாது. காலை எடுத்தா வண்டி போயிரும்."

"பிரேக்குத்தான் புதுசாச்சே?"

"புதுசுதான். கட்டை போட ஆள் வேணும்."

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஜீப்பருகில் நின்றாள். கட்டையை எடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள்.

வேறு நாளாக இருந்தால் நஞ்சப்பன் எழுந்து தோட்டத்துப் பக்கம் போயிருப்பார். இன்று போகிற கால் பிரேக்கில் இருந்தது.

"ராமாத்தா."

"சொல்லுங்க."

"அன்னைக்குக் கால் நடுங்கிருச்சு. உன்னைக் கொன்னே போட்டேன்னு நெனைச்சேன். இன்னும் அந்த வளைவு வந்தா நடுங்குது."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூட மறந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

ராமாத்தாள் கட்டையை எடுத்துப் போய்ப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்து, காலால் இறுக்கித் தள்ளினாள்.

"செரி, காலை எடுங்க."

எடுத்தார். வண்டி நின்றது.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா நானும் கூட உக்காந்து அழுதிருப்பனுங்க," என்றாள். "அந்த பஸ்ஸுல நிக்கக்கூட எடமில்லை."

சந்தை நாளில் ஜீப் மலையிறங்கியது. முன்சீட்டில் ராமாத்தாள், மடியில் கட்டை. அந்த வளைவு வந்தபோது நஞ்சப்பன், "நடுங்குது" என்றார்.

"நடுங்கட்டும். மெல்லப் போங்க," என்றாள்.

வளைவு தாண்டியதும் கால் தானாகப் பிரேக்கைவிட்டு எழுந்தது.

பட்டறைக்கு முன்னால் சரிவு. நஞ்சப்பன் மிதித்துக்கொண்டிருக்க, ராமாத்தாள் இறங்கிக் கட்டை போட்டாள்.

அவர் உள்ளே போய், "அந்தக் கேபிள் வந்துருச்சா அம்மணி?" என்று கேட்டார்.

பல்கீஸ் அலமாரியைத் திறந்தாள். கேபிள் உறை பிரிக்காமல் இருந்தது. அதன்மேல் பட்டறைத் தூசி படிந்திருந்தது.

"நீங்க டிஸ்க் கேட்ட அன்னைக்கே வாங்கி வெச்சதுதானுங்ண்ணா. மாட்டிரட்டுங்களா?"

நஞ்சப்பன் திரும்பிப் பார்த்தார். வெளியே ராமாத்தாள் குனிந்து, கட்டை சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன அவசரம்," என்றார்.