பிண வேஷம்

குணசுந்தரிக்கு மூன்றும் வந்தது. அதுதான் வினையாகப் போனது.

துணிக்கடையில் பன்னிரண்டு வருஷம் சேலை விரித்துக் காட்டியவள் அவள். முப்பத்தேழு வயதில், பாட்டும் நாட்டியமும் நடிப்பும் சொல்லிக்கொடுக்கிற கல்லூரி ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். வீட்டில் ஒரு மாதம் மல்லுக்கு நின்றுதான் அந்த அனுமதி கிடைத்தது. முதல் வருஷம் எல்லோருக்கும் மூன்று பாடமும் உண்டு. இரண்டாம் வருஷத்துக்கு ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பாடத்து ஆசிரியர், 'இவர் என் மாணவர்' என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரும் போடாவிட்டால் பழையபடி சேலை விரிக்கப் போக வேண்டியதுதான்.

பாட்டு வாத்தியார் போடவில்லை.

"குரல்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா பாடறப்ப முகத்துல இத்தன கூத்து எதுக்கு? நீங்க நடிப்புக்குப் போங்க."

நாட்டிய டீச்சரும் போடவில்லை.

"அடவெல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா ஆடும்போது கூடவே வாய்க்குள்ள பாடறீங்க, மூச்சு வாங்குது. பேசாம பாட்டுக்குப் போயிடுங்களேன்."

மிச்சம் இருந்தது நடிப்பு. அதைச் சொல்லிக்கொடுத்தவள் தமயந்தி, குணசுந்தரியைவிட எட்டு வயது சின்னவள். இவள் அவளை மேடம் என்பாள். அவள் இவளை அக்கா என்பாள். முதல் வாரம் இரண்டு பேருக்குமே கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

"நீங்களாவது சொல்லுங்க மேடம். எனக்கு எது வரும்?"

"மூணும் வருதே."

"அதனாலதான் யாரும் சேத்துக்க மாட்டேங்கறாங்க. உங்க கிளாஸ்ல கூட, நடக்கச் சொன்னா ஆடறீங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப நான் யாரு? பாடறவளா, ஆடறவளா, நடிக்கறவளா?"

தமயந்தி படிவத்தை வாங்கி மேஜை மேல் வைத்துக்கொண்டாள்.

"ஆண்டு விழா நாடகத்துல பொண வேஷம் போடற பொண்ணுக்கு அம்மை போட்டிருக்கு. நீங்க வந்து படுங்க."

குணசுந்தரிக்குச் சுருக்கென்றது. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது, ஒரு எட்டு எடுத்து வைக்கவும் வழியில்லை. ஒரு வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்ததற்குப் பிணம்தானா? ஆனால் கையெழுத்து வேண்டுமே. சரி என்று தலையாட்டினாள்.

அன்று வீட்டில் புருஷன் கேட்டான். "நாடகத்துல என்ன வேஷம்?"

"பொணம்."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சற்று யோசித்தான். "எவ்வளவு நேரம்?"

"கடைசி வரைக்கும்."

அவன் மோருக்குக் கை நீட்டினான். அவள் ஊற்றினாள்.

மறுநாள் ஒத்திகை. தனியாகக் கிடந்து உயிரை விட்ட தாய் கட்டிலில் கிடக்கிறாள். இப்போதுதான் போன உயிர். கைகால் கட்டு எதுவும் இன்னும் போடவில்லை. வெளியூரிலிருந்து மகள் ஓடி வருகிறாள். பார்க்கிறாள். 'பெத்தவளே' என்று ஒப்பாரியை எடுக்கிறாள். சுற்றி நிற்கும் பெண்கள் அதை வாங்கிப் பாடுகிறார்கள். மகளாக நடித்தவள் ஜெனிதா, பதினெட்டு வயதுப் பெண்.

ஒப்பாரி தொடங்கி நாலு அடி போயிருக்காது, பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"என்ன?" என்று பதறி எழுந்தாள் குணசுந்தரி.

"பொணம் தாளம் போடுது" என்றாள் தமயந்தி.

அவளுக்குத் தெரியவே தெரியாது. சுண்டுவிரல், மோதிரவிரல் என்று கட்டில் சட்டத்தில் அட்சரம் எண்ணியிருக்கிறது கை. மறுபடி படுத்தாள். கையை இடுப்புக்கடியில் கொடுத்து அமுக்கிக்கொண்டாள். இந்தத் தடவை கால் கட்டைவிரல் தட்டியது. மூன்றாம் தடவை கையும் காலும் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் ஜெனிதா ஒரு சொல்லை விழுங்கினாள். பிணத்தின் உதடு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

குணசுந்தரிக்கு அழுகை வந்தது.

"எத நிறுத்தறதுன்னே தெரியல மேடம். ஒண்ண அமுக்கினா இன்னொண்ணு எந்திரிக்குது."

"நிறுத்த வேண்டாம்."

"நிறுத்தலன்னா பொணம் ஆடுமே?"

"ஆடும்."

"அப்ப என்னதான் பண்றது?"

"ஜெனிதா அழறது காதுல விழுதா?"

"நல்லா விழுது. ரெண்டாவது அடியில சுருதி ஏறிடுது. மூணாவது அடிக்கு மூச்சு பத்தல."

"பாட்டப் பத்தி நான் கேக்கல. அழறது விழுதான்னுதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, தமயந்தி விளக்குப் போடுகிறவரிடம் பேசப் போய்விட்டாள்.

குணசுந்தரி கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். பாட்டும் அழுகையும் ஒரே வாயிலிருந்துதானே வருகிறது, அதில் ஒன்றை மட்டும் எப்படிக் கேட்பது? ஒன்றும் பிடிபடவில்லை.

அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்கு நாடகம். அரங்கம் நிறைந்திருந்தது. திரை விலகியபோது குணசுந்தரி கண்ணை மூடிக் கிடந்தாள். மகள் ஓடி வரும் காலடி கேட்டது. கட்டில் பக்கம் வந்து நின்றது. இனி 'பெத்தவளே' என்று எடுக்க வேண்டும்.

ஜெனிதா எடுக்கவில்லை.

ஆர்மோனியக்காரர் சுருதியை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தார். பெண்கள் காத்திருந்தார்கள். முன்வரிசையில் யாரோ இருமினார். அந்தப் பிள்ளைக்கு மறந்துவிட்டது என்பது மூடிய கண்ணுக்கே தெரிந்துவிட்டது. குணசுந்தரியின் நாக்கு நுனியில் அடி இருந்தது, தொண்டையில் சுருதி இருந்தது. ஒரே ஒரு சொல், மெல்ல முணுமுணுத்தால் போதும். முணுமுணுத்தால் நாடகம் பிழைக்கும். பிணம் பேசினால் கையெழுத்து போகும்.

அப்போது ஜெனிதாவின் மூச்சு அவள் காதில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டில் அம்மா கையை விட்டுவிட்ட குழந்தை மாதிரி விட்டு விட்டு வந்த மூச்சு. ஐயோ பாவமே என்று இருந்தது குணசுந்தரிக்கு. வேறு ஒன்றும் தோன்றவில்லை.

அவளுடைய வலது கை கட்டில் சட்டத்திலிருந்து நழுவித் தொங்கியது. நழுவ விட்டாளா, தானாக நழுவியதா, கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஜெனிதா அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றினாள். முகத்தை அதில் புதைத்தாள். "அம்மா" என்றாள். அது பாட்டிலேயே இல்லாத சொல். அங்கிருந்தே ஒப்பாரி பிறந்தது, போட்டு வைத்திருந்த சுருதிக்கு ஒரு கட்டை கீழே. ஆர்மோனியக்காரர் தடுமாறித் தேடிப் பிடித்துக்கொண்டார். பெண்கள் வாங்கிப் பாடினார்கள். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மூக்கை உறிஞ்சினார்கள்.

திரை விழுந்ததும் குணசுந்தரி பவுடர் முகத்தோடு தமயந்தியிடம் ஓடினாள்.

"கெடுத்துட்டேன் மேடம்."

"எத?"

"கை விழுந்துருச்சு. செத்தவ கை எப்படி அசையும்? நேத்து ஒரு விரல் ஆடினதுக்கே நிறுத்தினீங்களே."

"நிறுத்தினேன்."

தமயந்தி பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

குணசுந்தரிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலும் கீழும் படித்தாள். பாடம் என்ற இடத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சந்தோஷம் அப்படியே இருக்க, குழப்பம் மட்டும் திரும்ப வந்தது.

"பாடம் எதுன்னு போடலையே மேடம். ஆபீஸ்ல கேப்பாங்க. இன்னைக்கு நான் பாடவும் இல்ல, ஆடவும் இல்ல. நடிச்சேன்னும் சொல்ல முடியல. நான் என்னதான் பண்ணேன்?"

தமயந்தி பேனாவை மூடாமல் அவள் கையில் கொடுத்தாள்.

"நேத்து ஆடினது உங்க கை அக்கா. இன்னைக்கு விழுந்தது ஜெனிதாவோட அம்மா கை. அதுக்கு இந்தக் காலேஜ்ல என்ன பேர் வச்சிருக்காங்களோ, தெரிஞ்சா நீங்களே எழுதிக்குங்க."