நடுங்கும் கையில் ஒரு கேமரா

“இந்தக் கையை வெச்சுக்கிட்டு இனிமேல் கேமராவைத் தொடக் கூடாதுங்க மேடம். நான் கிளம்பறேன்” என்றார் பாக்கியநாதன்.

இருபது வருடம் லென்ஸ் பொருத்திய கை அது. போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு நடுங்க ஆரம்பித்தது. பொருத்தும் வேலை போயிற்று. கேமராவை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. அதனால் அதே கம்பெனியில் வயதில் தன்னைவிட மிகவும் இளையவரான தமயந்தியிடம், கம்ப்யூட்டரைக் கொண்டு படத்தைத் தெளிவாக்கும் வித்தையைக் கற்க வந்து சேர்ந்தார். இப்போது அதற்காகப் படமெடுக்கவும் கை இடம் கொடுக்கவில்லை. பாவம் மனிதர்.

தமயந்தி ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். நல்ல வெயில். தூரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி.

“அதுல என்ன எழுதியிருக்குண்ணா?”

“இங்கிருந்து எப்படிங்க தெரியும்?”

தமயந்தி புதுக் கேமராவை ஸ்டாண்டில் இறுக்கினார். ஒருமுறை அமுக்கினால் கண் மூடித் திறப்பதற்குள் பத்துப் பதினைந்து படம் எடுக்கும். கம்ப்யூட்டர் அவற்றை ஒன்றாகச் சேர்க்கும். லென்ஸில் குறையில்லை, பாக்கியநாதனே பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. உள்ளே படத்தைப் பதிக்கும் புள்ளிகள்தான் பெரிசு; பொடி எழுத்து அதில் கரைந்துவிடும்.

தமயந்தி அமுக்கினார். திரையில் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாய் ஒரு தீற்றல்.

“இப்ப கையில பிடிச்சு எடுங்க.”

“வேண்டாங்க. மானம் போயிரும்.”

“எடுங்கண்ணா.”

எடுத்தார். கேமரா கிடுகிடுவென்று ஆடியது. திரையைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“படிங்க.”

திரும்பினார்.

குடிநீரை வீணாக்காதீர்.

கடைசி எழுத்தின் புள்ளிகூடத் தெரிந்தது.

“என்னைத் தேத்தறதுக்காக ஏதோ பண்றீங்க.”

“தேத்திட்டிருக்க எனக்கெங்க நேரம்? ஸ்டாண்டுல எடுத்தா அத்தனையும் ஒரே படம். பார்த்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்க்குது. கையில எடுத்தா, இந்த வெயிலுக்குக் கலங்காம, ஒவ்வொண்ணும் துளி தள்ளிப் பார்க்குது. ஒண்ணு விட்டதை இன்னொண்ணு பிடிச்சுக்குது.”

பாக்கியநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. உடனே புதுசாக ஒரு கவலையும் வந்துவிட்டது. அவர் சுபாவம் அப்படி.

“நடுக்கம் நின்னா வேளாங்கண்ணிக்கு நடந்தே வர்றேன்னு நேர்ந்திருக்கேனே மேடம். நிஜமாவே நின்னுட்டா?”

தமயந்தி கேமராவை அவர் கையிலேயே விட்டுவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

“நின்னாலும் வேலைக்கு வாங்க.”