பெரியவர் போட்ட முடிச்சு

"குடியை விட்டவன் மறுபடியும் குடிச்சா, அவன மடத்துல வச்சுக்கிடலாமா அம்மா?"

ஆவுடையப்பன் இப்படிக் கேட்டபோது வடிவம்மை இன்னும் கால்கூடக் கழுவவில்லை. காய்ச்சலில் விழுந்த சீடப்பெண் ஒருத்தியை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, கூடவே சில நாள் இருந்து பார்த்துக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார்.

பொதிகை மலையடிவாரத்தில் இருக்கிற ஆனைப்பாறை மடத்துக்கு இப்போது அவர்தான் குரு. வயது நாற்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். கேள்வி கேட்ட ஆவுடையப்பனுக்கோ அறுபதுக்கு மேல். சர்வேயராக இருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். வயதைப் பார்த்து குரு அவரை அண்ணாச்சி என்பார். ஞானத்தைப் பார்த்து சீடர் அவரை அம்மா என்பார். இதில் இரண்டு பேருக்கும் கூச்சமே இருந்ததில்லை.

"யாரு குடிச்சது?" என்றார் வடிவம்மை.

"நம்ம பேச்சிமுத்துதான்."

"நீங்க பாத்தீங்களா?"

"குடிச்சதப் பாக்கல. அவன் கட்டுன சுவரப் பாத்தேன்."

வடிவம்மை தொட்டித் தண்ணீரை மொண்டு காலில் ஊற்றினார். ஆவுடையப்பன் காத்திருந்தார். நெற்றிப்பொட்டு விண்விண் என்று தெறித்தது. மாசக்கணக்காக அப்படித்தான் தெறித்துக்கொண்டிருக்கிறது. அதைத் தவம் என்று நினைத்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. தலைவலியைத் தவமாக்கிக்கொள்ள மடம் மாதிரி வசதியான இடம் வேறு கிடையாது.

அந்தத் தலைவலி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

வடிவம்மைக்கு முன்னால் குருவாக இருந்தவரை எல்லாரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். போன ஆனியில் அவர் காலமானார். குரு போய்விட்டால் அவர் பொருள்களைப் பூசையில் வைப்பது அந்த மடத்தில் வழக்கமில்லை. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். கொடுத்ததைத் தினமும் புழங்க வேண்டும். கம்பளி ஒருவருக்குப் போனது, கைத்தடி ஒருவருக்கு, கஞ்சிக் கும்பா ஒருவருக்கு. ஆவுடையப்பன் கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கே தன் சொந்தக் கண்ணாடியைக் கழற்றி டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டார்.

பெரியவரின் கண்ணாடியில், காதில் மாட்டுகிற கம்பி ஒரு பக்கம் உடைந்திருந்தது. உடைந்த இடத்தில் பெரியவரே நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். மூக்கில் மாட்டினால் ஒரு பக்கம் மேலே ஏறி, மறுபக்கம் கன்னத்தில் இறங்கி நிற்கும். அந்த முடிச்சை அவிழ்த்துச் சரியாகக் கட்ட ஆவுடையப்பனுக்கு மனசு வரவில்லை. அது குருவின் விரல் போட்ட முடிச்சு. அதைத் தொடுவதற்கு நாம் யார் என்று இருந்துவிட்டார்.

அதிலிருந்து மடம் முழுக்கச் சாய்ந்துபோனது. முன்கூடத்துத் தூண் சாய்ந்தது. விளக்குத்தண்டு சாய்ந்தது. பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த படங்களை மட்டும் தினமும் ஒழுங்காக நிமிர்த்தி வைப்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் மற்றவர்கள் சத்தமில்லாமல் பழையபடி வைத்துவிடுவார்கள். யாரும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை. மூக்கில் இருப்பது பெரியவரின் கண்ணாடியல்லவா, அதைப் பார்த்துக் கோணல் என்று எந்த வாயால் சொல்வது?

பேச்சிமுத்து கொத்தனார். ஒரு காலத்தில் காலையில் எழுந்ததும் குடித்துவிட்டுத்தான் கரண்டியைத் தொடுவார். பெரியவர் காலடிக்கு வந்து குடியை விட்டவர். ஆவுடையப்பனும் அதே வருஷம் வந்தவர்தான். அன்றிலிருந்து பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்காருவார்கள். ஒருவர் இலையில் உப்பு குறைந்தால் மற்றவர் எடுத்து வைப்பார்.

முதல் வருஷக் குருபூசை அடுத்த வாரம். அதற்குள் பெரியவர் சமாதியைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட வேண்டும் என்று பேச்சிமுத்து ஒற்றை ஆளாகக் கட்டிக்கொண்டிருந்தார். கூலிக்கு ஆள் வேண்டாம், என் கையால் ஆகட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. நேற்றுக் காலையில் ஆவுடையப்பன் போய்ப் பார்த்தார். கீழ்ப்புறச் சுவரின் முனை வடக்கே ஒரு விரற்கடை சாய்ந்து நின்றது. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது அவர் சொன்னார்.

"குடிகாரன் கட்டுன சுவரு குடிகாரன் மாதிரிதான் நிக்கும்."

பேச்சிமுத்து ஆவுடையப்பன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இலையை மடக்கிவிட்டு எழுந்தார். அன்று சாயங்காலத்துக்குள் தான் கட்டிய சுவரைத் தானே இடித்துப் போட்டார். இதுவே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதானே என்று ஆவுடையப்பன் நினைத்தார்.

கால் கழுவி முடித்து வடிவம்மை நிமிர்ந்தார்.

"மெயின் ரோட்டு விலக்குல பஸ்ஸ விட்டு எறங்கும்போது அவரப் பாத்தேன் அண்ணாச்சி. மூட்டையோட உக்காந்திருந்தாரு. எங்க போறீங்கன்னு கேட்டேன். கும்பிட்டாரு. பதில் சொல்லல."

"போகட்டும்மா. பெரியவர் சமாதிக்கே கோணல் சுவரு கட்டுதவன்…"

"வரும்போது சமாதிப் பக்கமும் போயிட்டுத்தான் வந்தேன். இது புல்லுக்குள்ள கெடந்துச்சு."

தோள்பையிலிருந்து, சுவர் நேராக நிற்கிறதா என்று பேச்சிமுத்து பார்க்கிற தூக்குக்குண்டை எடுத்தார். நூலோடு இருந்தது. உள்ளறைக்குப் போய், விளக்கு மாட்டுகிற கொக்கியில் நூலைக் கட்டிக் குண்டைத் தொங்கவிட்டார். ஆடி ஆடி அது நின்றது.

"சொல்லுங்க அண்ணாச்சி. நூலு நேரா இருக்கா?"

ஆவுடையப்பன் பார்த்தார். நூல் வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

"காத்துல சாயுதும்மா."

வடிவம்மை ஜன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்தினார்.

"இப்ப?"

நூல் அசையவில்லை. ஆனால் சாய்ந்தே இருந்தது.

குண்டு கட்டித் தொங்கவிட்ட நூல் சாயாது. சர்வே வேலையில் சேர்ந்த முதல் நாள் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான். அந்த நூலை நம்பித்தான் எத்தனையோ பேருடைய நிலத்துக்கு அவர் எல்லை காட்டியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றினார். நூல் மங்கிப்போனது. கூர்ந்து பார்த்தால்தான் தெரிந்தது. மங்கலாக இருந்தாலும் நேராக இருந்தது.

மறுபடி மாட்டினார், சாய்ந்தது. கழற்றினார்.

வடிவம்மை அவரைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் கொக்கியிலிருந்து குண்டை அவிழ்த்து ஆவுடையப்பன் கையில் வைத்தார்.

"சாயங்கால பஸ் இன்னும் வந்திருக்காது" என்றார்.

டிரங்குப் பெட்டியைத் திறந்து சொந்தக் கண்ணாடியைத் தேட நேரமில்லை. ஆவுடையப்பன் அப்படியே ஓடினார். அறுபது வயசுக்கு மேல் ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, ஆனாலும் ஓடினார். பாதை, மரம், வேலி எல்லாம் ஒன்றோடொன்று கலங்கித் தெரிந்தன. விலக்கில் நிழலுக்குள் உருவங்கள் இருந்தன. எது யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

முதலில் ஒரு வாழைத்தார்க் குவியலிடம் போய், "வே, பேச்சிமுத்து" என்று கூப்பிட்டார். யாரோ சிரித்தார்கள். அடுத்த உருவத்திடம் போய்க் குனிந்து தோளில் கை வைத்தார். சட்டையில் சுண்ணாம்புத் தூள் நறநறத்தது.

"கண்ணாடி எங்க வே?" என்றார் பேச்சிமுத்து.

"சுவரு நேராத்தான் வே இருந்துச்சு. கண்ணாடிதான் கோணல்."

"சுவரு நேருன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு இடிச்சீரு?"

பேச்சிமுத்து பக்கத்தில் இருந்த மூட்டையைத் தள்ளிவைத்து இடம் கொடுத்தார். ஆவுடையப்பன் உட்கார்ந்தார்.

"நீரு சொன்னதுக்கா இடிச்சேன்னு நெனச்சீரா? நீரு ஒருநாளு உப்பு கூடுங்கீரு, ஒருநாளு கொறவுங்கீரு. ஒம்ம பேச்ச யாரு மதிக்கா? நேத்து பந்தியில நிமிந்து பாக்கேன், பெரியவரு கண்ணாடி வே. அதுக்குள்ள இருந்து அவரே என்னப் பாத்து, குடிகாரன்னு சொன்ன மாதிரி இருந்துச்சு. என் குண்டு நேருங்கு. அந்தக் கண்ணாடி கோணலுங்கு. நான் குண்டத் தூக்கி எறிஞ்சேன்."

ஆவுடையப்பன் கையிலிருந்த குண்டு கனத்தது.

"நேத்து ராத்திரி சாராயக் கடை வாசல் வரைக்கும் போயிட்டேன். குடிச்சான்னு பேராயிட்டு, இனி குடிச்சா என்னன்னு போனேன்."

"போயி?"

"போயி நின்னேன். மொத மொதல்ல மடத்துக்கு வந்த அன்னைக்கு நெறபோதையில வந்து விழுந்தேன்லா, அப்ப பெரியவரு ஒண்ணுமே பேசல. என் மூஞ்சிய ரெண்டு கையாலயும் தடவித் தடவிப் பாத்தாரு. அதுக்கு அப்புறந்தான் இருன்னாரு. அந்தக் கை ஞாபகம் வந்துட்டு. திரும்பிட்டேன். ஆனா இன்னைக்கு பஸ் ஏறிட்டேன்னா திரும்ப முடியாது வே. அது எனக்கே தெரியும்."

ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. வயசான மனிதர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்து வாழைத்தார்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. ஒரு ஆளை, அதுவும் தன் பக்கத்து இலைக்காரனை, பழைய குழிக்குள் தள்ளிவிடப் பார்த்தார். அதையும் குருவின் பேரால் செய்தார்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் பேச்சிமுத்துவைப் பார்த்து, "ஏறுதீரா இல்லையா?" என்றார்.

ஆவுடையப்பன் குண்டை நீட்டினார். பேச்சிமுத்து அதை வாங்கி, நூலில் ஒட்டியிருந்த புல்லைக் கிள்ளிப் போட்டார். பிறகு கண்டக்டரைப் பார்த்துக் கையை ஆட்டினார். பஸ் போய்விட்டது.

மறுநாள் பந்தியில் ஆவுடையப்பன் எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சொன்னார். சுவர் நேராக இருந்தது, பேச்சிமுத்து குடிக்கவில்லை, நான் சொன்னது பொய் என்றார். பேச்சிமுத்து, "சரி வே, உக்காரும். சோறு ஆறுது" என்றார். அதற்கப்புறம் சொந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செங்கல் எடுத்துக் கொடுக்கிற வேலையை ஆவுடையப்பன் ஏற்றுக்கொண்டார். தலைவலி நின்றுவிட்டது. முன்கூடத்துத் தூணும் நிமிர்ந்துகொண்டது.

குருபூசைக்கு முந்தின நாள் கீழ்ப்புறச் சுவர் முடிந்தது. ஈரம் காயாத சுவருக்குப் பக்கத்தில் வடிவம்மை நின்றிருந்தார். ஆவுடையப்பன் மடியிலிருந்து பெரியவரின் கண்ணாடியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது இனி எங்கிட்ட இருக்க வேண்டாம்மா."

வடிவம்மை வாங்கிக்கொண்டார். முடிச்சை விரலால் தடவினார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். கேட்டா தப்பா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"இதப் போட்டுக்கிட்டுத்தான பெரியவர் எங்க எல்லாரையும் பாத்தாரு? இந்த முடிச்சு எப்பப் போட்டாரு?"

"நீங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாலயே. கிணத்தடியில கீழ விழுந்து ஒடைஞ்சது."

"அப்ப இவ்வளவு வருஷமும்… அவருக்கு மட்டும் எப்படி எல்லாம் நேராத் தெரிஞ்சுது?"

"நேராத் தெரியல. அவருக்கும் சாஞ்சுதான் தெரிஞ்சுது."

குருவைப் பற்றிக் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டுவிட்ட மாதிரி ஆவுடையப்பனுக்குப் பதறியது.

"தெரிஞ்சுமா சரி பண்ணிக்கிடாம இருந்தாரு?"

"டவுனுக்குப் போகணும்னா அவருக்கு எப்பவும் சோம்பல்."

ஆவுடையப்பனால் சிரிக்க முடியவில்லை.

"அப்படின்னா அவரு சொன்னது ஒண்ணுகூடத் தப்பாப் போனதில்லயே அம்மா. அது எப்படி?"

வடிவம்மை கண்ணாடியை மடித்தார். மற்றக் கையைச் சுவரின் ஈரச் சாந்தில் வைத்து, மேலிருந்து கீழே மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தார். பெரியவரும் இப்படித்தான் செய்வார். தூணோ ஆளோ, எதுவானாலும் முதலில் கையை வைப்பார். ஆசீர்வாதம் என்று மடமே நம்பியிருந்தது.

"கண்ணு கோணல்னு அவருக்குத் தெரியும் அண்ணாச்சி. அதனாலதான் தொட்டுப் பாக்காம யாரப் பத்தியும் ஒரு வார்த்த சொல்லமாட்டாரு."