காய்ச்சல் எபிசோடில் ஒரு கை

“குருவம்மா, அந்தக் கை எங்கே போச்சு?”

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான் செங்கோட்டுவேல். நாமக்கல்லிலிருந்து சென்னை சாலிகிராமம் வரை பஸ்ஸில் வந்தவன். நாற்பது தாண்டியாச்சு, ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். இத்தனை தூரம் வந்து கேட்கிற விஷயம் ஒரு டிவி சீரியல். அட, சிரிக்காதீங்க.

‘மேலவீதிக் குடும்பம்’ என்ற அந்தப் பழைய தொடருக்கு இன்னும் ரசிகர் கூட்டம் உண்டு. வாட்ஸப்பில் குழு வைத்து அதில் தப்பு கண்டுபிடிப்பதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. பித்தளை டம்ளரில் காபியை எடுத்தவள் எவர்சில்வரில் குடிக்கிறாள். சின்ன மருமகன் மீசையோடு மாடி ஏறி, மீசையில்லாமல் இறங்குகிறான். இப்படி ஆயிரம்.

தீராத சண்டை வந்தால் ரெஜினாவிடம் போவார்கள். தொடரை எடிட் செய்தவர் அவர். அதிகம் பேசமாட்டார், படத்தைப் போட்டுக் காட்டுவார். அதனால் குருவம்மா.

“உட்காருங்க. எந்தக் கை?”

“காய்ச்சல் எபிசோடு மேடம். பையன் பாயில அனத்திட்டுக் கெடக்கான். அப்பா வந்து நெத்தியில கை வெக்கிறார். சரிங்களா? அப்புறம் கடைசி எபிசோடுல அதே பையன், ‘ஒரு நாளாவது என்னைத் தொட்டிருக்கீங்களாப்பா’ன்னு கத்தறான். அப்பா வாயே திறக்கல. ஏன் திறக்கல? அதான் தொட்டாருல்ல! எவ்வளவு பெரிய தப்பு! குழுவுல சொன்னா, அப்படி ஒரு கையே இல்லைங்கறானுங்க. என்னையப் பொய்யனாக்கிட்டானுங்க.”

அவன் செல்போன் அடித்தது. கட் செய்தான். மறுபடி அடித்தது. மறுபடி கட் செய்தான்.

“யாரு?”

“அக்கா. அப்பாவை ஊர்ல ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு. என்னைப் பார்க்கணும்ங்கறாராம்.”

“போய்ப் பார்த்தீங்களா?”

“எதுக்குங்க? லாரிப் பட்டறையே கதின்னு கெடந்த மனுசன். சாயங்காலமானா மண்ணெண்ணெய்ல கையைக் கழுவிட்டு வருவார், சோத்தைத் தின்னுட்டுப் படுத்துக்குவார். எம் மேல ஒரு நாள் கை வெச்சதில்ல. அடிக்கக்கூட வெச்சதில்ல. வருசக்கணக்காப் பேச்சு இல்ல. அதை விடுங்க மேடம்.”

அந்த ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் இவன் சென்னைக்குப் பஸ்ஸே ஏறியது. நல்ல பிள்ளை, போங்கள்!

ரெஜினா கம்ப்யூட்டரில் காய்ச்சல் எபிசோடைப் போட்டார்.

பையன் அனத்துகிறான். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, வெள்ளை வேட்டி கசங்காமல் கதவருகே வந்து நிற்கிறார். பார்க்கிறார். விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்.

அவ்வளவுதான்.

செங்கோட்டுவேல் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான்.

“இன்னொரு தடவை போடுங்க.”

போட்டார். விளக்கு அணைந்தது. கை வரவில்லை.

“வெட்டிட்டீங்க!”

“எடுத்ததே இவ்வளவுதான். வெட்ட ஒண்ணுமில்ல.”

“பொய்!”

எழுந்தே விட்டான். குருவம்மாவிடம் இப்படிக் கத்திய முதல் ஆள் இவனாகத்தான் இருக்கும்.

“சும்மா அடிச்சு விடறேன்னு நினைச்சீங்களா? அன்னிக்கு எனக்கும் காய்ச்சல் மேடம், பத்து வயசிருக்கும். டிவி முன்னாடி பாயில படுத்துட்டேதான் பார்த்தேன். கண்ணு பாதி சொருகிருச்சு, இருந்தாலும் எனக்குத் தெரியும். பெரிய கை. சொரசொரன்னு இருந்துச்சு. வெச்ச கையை எடுக்கவே இல்ல. அந்த மண்ணெண்ணெய் வாடைகூட இன்னும் எனக்கு...”

ரெஜினா நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தார்.

“டிவியில வாடை எப்படிங்க வந்துச்சு?”

அவன் கை தானாகப் போய் நெற்றியைத் தொட்டது.

போன் மறுபடி அடித்தது. அவன் நெற்றியிலிருந்து கையை எடுக்கவில்லை. ரெஜினாதான் போனை எடுத்து அவன் காதில் வைத்தார்.

“எந்த வார்டு அக்கா?” என்றான்.