அரைக் குடமும் மகிழமரமும்

மழைக்கு இன்னும் வழி மறக்காத வெகு வெகு காலத்துக்கு முன்னால், மணற்கோட்டைப் பட்டணத்தில் ஊர்ச்சோலை ஒன்று இருந்தது. ராஜாவுக்கும் அதில்தான் உலாத்தல். கூடை முடைகிறவளுக்கும் அதில்தான் நிழல். அதைக் காத்தவன் வேலப்பன். அவன் பெண்சாதி சிலம்பாயி.

ஒருநாள் வறட்டுநாகன் என்ற மந்திரவாதி வந்தான். "சோலைக் கிணற்றை எனக்குக் கொடு" என்றான்.

"ஊர்க் கிணறு. கொடுக்க நான் யாரு?" என்றான் வேலப்பன்.

மந்திரவாதி கோலை மூன்று தரம் சுழற்றினான். வேலப்பன் நின்ற இடத்தில் மகிழமரம் நின்றது!

"பூத்தால் ஆள், பட்டால் விறகு!" என்று சிரித்துக்கொண்டே போனான் பாவி.

அந்த வருஷம் மழை இல்லை. மறுவருஷமும் இல்லை. மூன்றாம் வருஷமும் இல்லை. கிணற்றில் நாளுக்குப் பன்னிரண்டு குடம்தான் ஊறியது. சோலையிலோ நாற்பது மரம், நடுவே ராஜாவின் புல்தரை, வாசலில் நீரூற்று. காவல் இப்போது சிலம்பாயிக்கு. எல்லாவற்றுக்கும் பகிர வேண்டியதுதான்; மனசு கேட்குமா? ஆறு குடத்தை மகிழமரத்தின் தூரிலேயே கொட்டினாள். அப்படியும் இலை பழுத்து உதிர்ந்தது. அவள் ஓவென்று அழுதாள்.

"அடியே, காலில் கொட்டுறியே, என் வாய் அங்கேயா இருக்கு?" என்றது மரம்.

"ஏங்க! பேசுவீங்களா? மூணு வருஷமா ஒரு வார்த்தை இல்லையே!"

"நீ புலம்பலை நிறுத்தினாத்தானே நான் பேச? குடிக்கிற வேரெல்லாம் என் நிழல் முடியுற இடத்துல இருக்கு. அங்கே ஊத்து."

"அப்போ பன்னிரண்டையும் அங்கேயே ஊத்துறேன்."

"ஊத்தாதே! மத்த மரம் பட்டா ஊரே சோலையை விட்டுடும். கிணறு அவன் கைக்குப் போயிடும். அதுக்கா நான் மரமானேன்?"

சிலம்பாயி கண்ணைத் துடைத்தாள். உச்சிவெயிலில் குச்சியை எடுத்து ஒவ்வொரு மரத்தின் நிழலையும் சுற்றிக் கோடு கிழித்தாள். ஒரு நிழலும் அடுத்த நிழலும் தொடுகிற இடத்தில் ஒரு குழி. ஒரு குழி, இரண்டு வாய்! இருபது குழி, குழிக்கு அரைக் குடம், மேலே சருகு மூடல். மிச்சம் இரண்டு குடம், வருகிறவர் குடிக்க. நீரூற்றை அடைத்தாள். புல்லுக்குச் சொட்டும் இல்லை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

மந்திரவாதி வேலி ஓரம் வந்தான். "பன்னிரண்டையும் புருஷனுக்கு ஊற்று, நாளைக்கே பூப்பான்" என்றான். அவள் அடுத்த குழிக்குப் போனாள். மறுநாளும் அதையே சொன்னான். அவள் குடத்தோடு நின்று மகிழமரத்தைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் நாளும் சொன்னான்.

"அவருக்கும் அரைக் குடம்தான், போடா!" என்றாள்.

அடுத்து ராஜா வந்தார். "என் புல் செத்துவிட்டதே!" என்று குதித்தார். சிலம்பாயி ஒரு கொத்தை விலக்கிக் காட்டினாள். அடியில் இளம்பச்சை.

"தூங்குது மகாராஜா. மழை வந்தா எழுந்துக்கும். மரம் செத்தா எந்த மழைக்கும் எழுந்துக்காது."

ராஜா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "சரி, தூங்கட்டும்" என்று மெல்ல நடந்தார்.

பக்கத்து வேம்புக்கு ஊற்றியதில் மகிழத்துக்கும் பங்கு. மகிழத்துக்கு ஊற்றியதில் வேம்புக்கும் பங்கு. நாற்பதில் ஒன்றும் பட்டுப்போகவில்லை. சித்திரையில் ஒருநாள் மகிழம் பூத்துக் கொட்டியது! பூக்குவியலுக்கு நடுவே வேலப்பன் நின்றான். மந்திரம் உடைந்த வேகத்தில் வறட்டுநாகன் வேலியோரக் கள்ளியாகிப் போனான். தண்ணீரே கேட்காத செடி, இருந்துவிட்டுப் போகட்டும்.

"அடியே, தாகம்!" என்றான் வேலப்பன்.

ராஜாவே ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஒரு சொம்பு போதும் மகாராஜா" என்று தடுத்தாள் சிலம்பாயி. "மிச்சத்தைக் கீழே வையுங்க. இன்னும் நாலு பேர் வருவாங்க."

ராஜா குடத்தைக் கீழே வைத்தார். பட்டணத்துச் சோலைகள் அத்தனைக்கும் அன்றே அவளைத் தலைவியாக்கினார்.

அவர்கள் மகிழ நிழலில் சுகம்; கதை கேட்ட நீங்களும் உங்கள் ஊர் நிழலில் சுகமாயிருங்கள்.