கல்லாறு இறக்கத்தில் ஒரு கேன் தண்ணீர்

"அம்மிணி, பின்னாடி ரெண்டு வீலுக்கும் டிஸ்க் பிரேக் போட்டுக் குடுங்க."

"எதுக்குங்ணா?"

"வண்டி நிக்கோணும்."

பிரேக் மெக்கானிக் கனகமணி பட்டறை வாசலில் கிடந்த கருங்கல்லை எடுத்துச் சென்னியப்பன் கையில் கொடுத்தாள். ஏற்றத்தில் நிறுத்தும்போது டயருக்கு முட்டுக் கொடுக்கிற கல்.

"இதை வெச்சுக்குங்க. நல்லா நிக்கும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தாறு வயசு. முப்பது வருஷம் குன்னூர் மலையில் கேரட் லோடு ஏற்றி இறக்கின மனுஷன். அவளுக்கு முப்பத்திநாலு. இருந்தாலும் மேட்டுப்பாளையம் பிக்கப் வண்டி ஸ்டாண்டில் டிரைவர்கள் எங்கள் எல்லோருக்கும் அவள் சொன்னால் சொன்னதுதான். அவளிடம் எதிர்த்துப் பேசிப் பாருங்கள், தெரியும்.

கல்லைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மூன்று மாசத்துக்கு முன்னால் அவருக்கு ஒன்று நடந்தது. பர்லியாறு தாண்டி இறங்கும்போது பெடல் அடிவரைக்கும் போய்விட்டது. பிரேக் இல்லை. மனுஷன் வண்டியை மலைப் பக்கத்து மண்ணில் முட்டி நிறுத்தினார். உயிருக்கு ஒன்றுமில்லை. கேரட் முழுக்க ரோட்டில். குரங்குகளுக்கு அன்றைக்குத் தீபாவளி.

அதற்கப்புறம் அவர் மலை ஏறவே இல்லை. காரமடை, சிறுமுகை என்று தரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் கிண்டல் செய்தோம். செய்திருக்கக் கூடாது.

மறுநாள் கல்லோடு வந்தார்.

"அம்மிணி, நிக்கறதுக்கு இல்லீங். இறங்கறதுக்கு."

"எங்கிருந்து?"

"குன்னூர்ல இருந்துங். பொண்ணு சுகன்யாவுக்கு வர்ற புதன்கிழமை வளைகாப்பு. முடிச்சுட்டு நம்மூட்டுக்குக் கூட்டியாரோணும். மாப்பிள்ளை கார் வெக்கறேங்கறார். இவ கேக்க மாட்டேங்கறா. சின்னதுல இருந்தே எங்கூட முன்சீட்டுல உக்காந்து வந்தவ. அப்பா வண்டியிலதான் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னுட்டேன். சொன்னதுல இருந்து தூக்கமில்லைங்."

கனகமணி கல்லை வாங்கி ஓரமாகப் போட்டாள். ஸ்பேனரை அவர் கையில் வைத்தாள்.

"கழட்டுங்க."

"நானா?"

"பின்ன நானா புள்ளையைக் கூட்டியாரப் போறேன்?"

மூன்று நாள் ஆனது. பழைய டிரம்மைக் கழற்றினார். ஆக்ஸிலை உருவினார். டிரம்முக்குப் பின்னால் இருந்த தட்டை எடுத்துவிட்டு பிராக்கெட் மாட்டினார். டிஸ்க்கை ஏற்றி, அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை முடுக்கி, ஹேண்ட் பிரேக் கேபிளை இழுத்துக் கட்டினார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே சொன்னாள். தப்பாகச் செய்தால் மெல்லுவதை நிறுத்துவாள். அவ்வளவுதான்.

நாலாம் நாள் ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது.

"பார்த்தீங்களா அம்மிணி! என்னமாப் பிடிக்குது!"

"பெடல்ல யாராச்சும் கால் வெச்சிருக்காங்களா?"

"இல்லீங்."

"ஹேண்ட் பிரேக் போட்டிருக்குதா?"

"இல்லீங்."

"அப்புறம் எதைப் பிடிச்சுட்டு இருக்குது அது?"

அவர் குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார்.

முன்னால் பிரேக் ஆயில் போகிற வழியில் ஒரு குட்டி வால்வைத் தொட்டுக் காட்டினாள். "டிரம்முக்கு இது வேணும். காலை எடுத்த பின்னாடியும் லைன்ல கொஞ்சம் அழுத்தம் வெச்சிருக்கும். டிஸ்க்குக்கு ஆகாது. எடுத்துடுங்க."

சென்னியப்பன் வால்வைப் பார்த்தார். கை போகவில்லை.

"கொஞ்சூண்டு பிடிச்சுட்டே இருந்தா நல்லதுதானுங்களே?"

அவள் ஸ்டூலை விட்டு எழுந்தாள். ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"பர்லியாறு வரைக்கும் போய் இறங்கலாம் வாங்க."

போனார்கள். இறங்கினார்கள். கல்லாறு வருவதற்குள் கருகல் நாற்றம். பின்சக்கரத்தில் புகை.

சென்னியப்பன் குதித்து இறங்கினார். சீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மலையில் ஓட்டுகிற நாங்கள் எல்லோருமே செய்கிற காரியம்தான் அது. டிரம் சூடானால் தண்ணீர் ஊற்றுவோம். சுர்ரென்று ஆவி கிளம்பும். மனசு ஆறும்.

கனகமணி கேனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"சூட்டுல தண்ணி பட்டா டிஸ்க்கு கோணிக்கும்!"

"அதுக்குன்னு எரிய விடச் சொல்றீங்களா?"

"உக்காருங்க. தானா ஆறும்."

முக்கால் மணி நேரம் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டறைக்கு வந்ததும் அவரே வால்வைக் கழற்றினார்.

இப்போது சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அவர் கையை நீட்டி அதைப் பிடித்து நிறுத்தினார்.

மறுபடியும் பர்லியாறு. மறுபடியும் இறக்கம். மறுபடியும் அதே நாற்றம்.

"வால்வைத்தான் எடுத்தாச்சே! உங்க டிஸ்க்குதான் சரியில்லை!" என்று கத்தினார். அவளைப் பார்த்து அதுவரைக்கும் யாரும் கத்தினதில்லை.

அவளுக்குக் கோபம் வரவில்லை. பின்னால் போய் பிரேக் லைட் ஒயரில் ஒரு கிளை எடுத்தாள். அதை முன்னால் வரைக்கும் இழுத்து, நுனியில் ஒரு குட்டி சிவப்பு பல்பை மாட்டினாள். ஸ்டியரிங்குக்கு எதிரே, பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள்.

"இது எதுக்குங்?"

"சும்மா இருக்கட்டும்."

மூன்றாம் தடவை இறங்கினார்கள்.

முதல் வளைவில் பல்பு எரிந்தது. வளைவு முடிந்தது. எரிந்தது. நேர் ரோட்டில் எரிந்தது. ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டு ஓரம்கட்டி நின்றார்கள், அப்போதும் எரிந்தது. மறுபடி கிளம்பினார்கள், அணையவே இல்லை.

"அம்மிணி, பல்பு ஷார்ட் ஆயிடுச்சு போலிருக்குதுங்."

"காலை எடுங்க."

"எந்தக் காலை?"

அவள் கண்ணால் கீழே காட்டினாள். சென்னியப்பன் கீழே குனிந்து பார்த்தார். வலது கால் பெடல் மேல் இருந்தது. அவர் வைத்த ஞாபகமே இல்லை.

எடுத்தார்.

பல்பு அணைந்தது.

செகண்ட் கியரில் இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைத் தாங்கியது. வளைவு வந்தது, மிதித்தார், எரிந்தது. வண்டி கும்பிட்டு அடங்கியது. காலை எடுத்தார், அணைந்தது. இன்னொரு வளைவு. எரிந்து அணைந்தது. கல்லாறு பாலத்தில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரத்துப் பக்கம் கையை நீட்டிப் பார்த்தார்.

"அம்மிணி! வெதுவெதுன்னுதான் இருக்குதுங்!"

போகிற வருகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கூத்து ஆடினார். ஐம்பத்தாறு வயசு மனுஷன்.

புதன்கிழமை காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தார். 

"நீங்க பக்கத்துல இருந்தீங்க, இறங்கிட்டேன். இன்னிக்கு அவ இருப்பா. வயித்துப் புள்ளையோட."

கனகமணி அந்தத் தண்ணீர் கேனை எடுத்தாள். குழாயில் கழுத்துவரை பிடித்து, மூடியை இறுக்கி, அவரிடம் நீட்டினாள்.

"ஊத்தக் கூடாதுன்னீங்க?"

"கூடாதுதான்."

"அப்புறம் எதுக்குங்?"

"கையில இருக்கட்டும். வர்றப்ப இதே மாதிரி இங்க கொண்டாந்து குடுங்க."

வாங்கிக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு நாங்கள் எல்லோரும் பட்டறை முன்னால் நின்றோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லோருக்கும் வேலை இருந்தது, ஆனாலும் நின்றோம். கனகமணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கையில் முறுக்கு இருந்தது. தின்னவில்லை.

அஞ்சு ஆனது. அஞ்சரை ஆனது.

ஊட்டி ரோட்டில் ஒரு ஹாரன் கேட்டது. நீளமாக, நிறுத்தாமல். அது அவர் ஹாரன்தான். எங்கள் ஸ்டாண்டில் அத்தனை வண்டியும் பதிலுக்கு அடித்தது. நானும் அடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, சொல்வதில் என்ன வெட்கம்.

வண்டி வந்து நின்றது. முன்சீட்டில் சுகன்யா, முழங்கை வரைக்கும் வளையல், வாயைத் திறந்தபடி நல்ல தூக்கம். அந்தச் சத்தத்தில்தான் முழித்தாள்.

"வந்துட்டமாப்பா? பதினாலு வளைவும் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சாமி."

சென்னியப்பன் இறங்கி வந்தார். தண்ணீர் கேனைக் கனகமணி கையில் கொடுத்தார்.

அவள் தூக்கிப் பார்த்தாள். லேசாக இருந்தது. தண்ணீர் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

அவள் முகம் செத்துப்போனது. எங்கள் ஹாரன் எல்லாம் நின்றது.

"ஊத்திட்டீங்களாண்ணா?"

சென்னியப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"பர்லியாறுல புள்ளைக்குத் தாகமெடுத்துச்சுங் அம்மிணி."