ராய்ச்சூர் லாட்ஜில் ஒரு காலை

கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனி, மோட்டார் பழுதுபார்க்க மெக்கானிக் குழந்தைவேலுவைக் கர்நாடகத்தில் உள்ள ராய்ச்சூருக்கு அனுப்பியது. மூன்றாம் நாள் காலை, அங்கே லாட்ஜ் குளியலறையில் வழுக்கி விழுந்து அவர் இறந்துபோனார். நூல்மில்லில் கூட்டிப் பெருக்கும் அவர் மனைவி மயிலாத்தாள், நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் அதிகாரி முன் வந்து நின்றாள்.

"குளிக்கிறது கம்பெனி வேலை இல்லைங்க. அது அவரோட சொந்த வேலை" என்றார் கம்பெனி மேனேஜர் ஜெகநாதன், நாற்காலியில் சாய்ந்தபடி.

மயிலாத்தாள் அதை மறுக்கவில்லை. பணிவாக ஒன்று மட்டும் கேட்டாள்.

"குளிக்க வீட்டுக்கு வந்துட்டுப் போறேன்னு அவரு கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

மேனேஜர் சிரித்தார். "அதெப்படி? வேலை முடியற வரைக்கும் நாங்க போட்டுக் கொடுத்த லாட்ஜுலதான் தங்கணும். நான் சொல்லாம ஊரை விட்டு நகர முடியாது. எங்க கம்பெனி அவ்வளவு கண்டிப்பு."

"சரிங்க. அப்ப அவரு வேற எங்க போய்க் குளிச்சிருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

லாட்ஜில்தான் தங்க வேண்டும் என்று மேனேஜர் சொன்ன பதிலை அதிகாரி வார்த்தை மாறாமல் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினார்.

அடுத்த மாதம் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. வேலையின் காரணமாக நேர்ந்த மரணம் என்று அதில் இருந்தது. மயிலாத்தாள் அந்த வரியை மட்டும் குமாஸ்தாவை இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். இத்தனை நாளும் அவள் புருஷன் ஏதோ தப்புச் செய்துவிட்டுச் செத்ததுபோலத்தான் எல்லாரும் பேசியிருந்தார்கள்.